ஜிரோ: அல்பேனிய மாலைக்கு ஒரு பெயர்

வெயில் தாழ்ந்ததும் அல்பேனிய ஊர்களில் வீடுகள் காலியாகும். தாத்தா பாட்டி, தள்ளுவண்டியில் குழந்தை, கல்லூரிப் பிள்ளைகள் என்று எல்லாரும் ஒரே தெருவில் மேலும் கீழுமாக நடப்பார்கள். இந்த உலாவுக்கு 'ஜிரோ' என்று பெயர்.

வட்டத்தைக் குறித்த கிரேக்கச் சொல்லே இதன் வேர். அது லத்தீனுக்குப் போய், இத்தாலியில் 'சுற்று' என்ற பொருளில் நிலைத்து, அட்ரியாட்டிக் கடலைத் தாண்டி அல்பேனியாவுக்கு வந்தது. 1909 முதல் இத்தாலியில் நடக்கும் சைக்கிள் பந்தயத்தின் பெயரிலும், கைரோஸ்கோப் என்ற கருவியின் பெயரிலும் இருப்பது இதே வேர்தான். பூச்சியத்தைக் குறிக்கும் 'ஜீரோ' வேறு வழியில், அரபியிலிருந்து வந்தது.

அல்பேனியக் கடைக்காரருக்கு 'ஜிரோ' என்றால் வியாபாரத்தில் புரளும் மொத்தத் தொகையும்கூட. அங்கே சுற்றுவது பணம்; மாலைத் தெருவில் சுற்றுவது மனிதர்கள். காசே செலவழிக்காமல் இரவுவரை நடக்கலாம். மிஞ்சினால் சூரியகாந்தி விதை ஒரு பொட்டலம்.

பெராத் நகரின் ரெபுப்லிகா சாலையிலும், ஷ்கோதர் நகரில் ஓவியர் கோலே இத்ரொமெனோவின் (1860–1939) பெயர் தாங்கிய தெருவிலும் இந்த உலாவைப் பார்க்கலாம். தோழிகள் கைகோத்து வருவார்கள். எதிரே தெரிந்தவர் வந்தால் வலக்கையை நெஞ்சில் வைத்து நலம் கேட்பார்கள். அம்மாவுக்கு உடம்பு எப்படி, பையன் படிப்பு எப்படி என்று பேச்சு நீளும். தெருமுனையில் திரும்பி வரும்போது அதே முகம் மறுபடி எதிர்ப்படும். இப்போது தலையசைப்பு போதும். வட்டம் என்ற பழம்பொருள் பிழைத்திருப்பது இந்த மறுசந்திப்பில்தான்.

கம்யூனிச ஆட்சியில் சொந்தக் கார் வைத்துக்கொள்ளத் தடை இருந்தது. தெரு நடப்பவர்களுடையதாகவே இருந்தது. 1991க்குப் பிறகு கார்கள் பெருகின. ஆனாலும் பல ஊர்களில் ஜிரோ தெருவை வண்டிகளுக்கு விட்டுக்கொடுக்கவில்லை. பழக்கம் நீடிக்க இது முக்கியக் காரணம் என்பேன். நட்புக்கு மனம் மட்டும் போதாது. முன்கூட்டிச் சொல்லாமலே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள ஓர் இடமும் நேரமும் வேண்டும்.

பிழைப்புக்காக இத்தாலி, கிரீஸ், ஜெர்மனி போனவர்கள் ஆகஸ்டு விடுமுறைக்குத் திரும்பும்போது இந்தத் தெருக்கள் இன்னும் நிறைகின்றன. வீடு வீடாகப் போய், தாங்கள் வந்த செய்தியைச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மாலை ஜிரோவுக்குப் போனால் ஊருக்கே தெரிந்துவிடும்.