எறும்புப் பொடிக்கு முன்னால் நம் வீடுகளில் என்ன இருந்தது?



கூடலூரில் வாழ்க்கைப்பட்டிருக்கும் பழைய மாணவி ஒருத்தி போன வாரம் போனில் கேட்டாள். "டீச்சர், அடுப்படி முழுக்க எறும்பு. கடையில ஒரு பொடியக் குடுத்து சுவரோரமாத் தூவச் சொல்றாங்க. பிள்ளை தவழுது. தூவலாமா?" தூவாதே என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டேன். ஏன் என்பதற்கு ஒரு வார்த்தை போதாது. அதனால்தான் இந்த நீண்ட பதிவு. ஞாயிற்றுக்கிழமைதானே, பொறுமையாகப் படியுங்கள்.

நம் பள்ளத்தாக்கில் எறும்பு வீட்டுக்குள் வருவதற்கு ஒரு காலம் உண்டு. ஜூனில் பெரியாற்றுத் தண்ணீரைத் திறந்து, முதல் போகத்துக்கு வயலில் தண்ணீர் கட்டியதும், வரப்பில் குடியிருந்ததெல்லாம் மேட்டைத் தேடிக் கிளம்பும். மேடு என்றால் நம் வீடுதான். ஐப்பசி மழையில் மறுபடியும் ஒரு வரத்து. முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டு நிலத்துக்குப் போகும் எறும்பு வரிசையைப் புறநானூற்றின் 173-ஆம் பாட்டில் சோழன் கிள்ளிவளவன் உவமையாகச் சொல்லியிருக்கிறான். சிறுகுடி கிழான் பண்ணன் வீட்டில் சோறு வாங்கிக்கொண்டு வரிசையாகப் போகும் பிள்ளைகளுக்கு அந்த உவமை. ஆக, எறும்பு நமக்குப் புதிய விருந்தாளி இல்லை. பொடிதான் புதுசு.

பொடி வருவதற்கு முன்னால் நம் வீடுகளில் எறும்பைக் கொல்லும் வேலை குறைவு, எட்டவிடாமல் வைக்கும் வேலை அதிகம். பாலும் தயிரும் உறியில் தொங்கும். வெல்லப்பானை தண்ணீர்த் தாம்பாளத்தின் நடுவில் இருக்கும். வசதியான வீடுகளில் பலகார அலமாரியின் நான்கு கால்களும் நான்கு கல் கிண்ணங்களுக்குள் நிற்கும், கிண்ணத்தில் தண்ணீர். அடுப்புச் சாம்பலைச் சுவரோரம் கோடாகப் போடுவார்கள். துவரையைச் செம்மண் கட்டிக் காயவைத்துத்தான் குலுக்கையில் கொட்டுவார்கள். அது வண்டுக்கு. ஆனால் சாம்பலும் செம்மண்ணும் பூச்சியிடம் செய்யும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான். பூச்சியின் உடம்பின் மேல் மெல்லிய மெழுகுப் பூச்சு ஒன்று உண்டு. உடம்பின் ஈரம் வெளியே போகாமல் காப்பது அதுதான். நுண்ணிய தூசி அந்த மெழுகைச் சுரண்டியோ உறிஞ்சியோ எடுத்துவிட்டால் பூச்சி வறண்டு சாகும். இங்கிலாந்தின் விக்கிள்ஸ்வொர்த் 1940-களில் சோதனை செய்து நிறுவிய விஷயம் இது. நம் பாட்டிமார் காரணம் கேட்கவில்லை, பலனைப் பார்த்தார்கள். சாம்பல் நனைந்தால் பலன் போய்விடும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அதனால் மழைக்காலத்தில் தினமும் புதிதாகப் போடுவார்கள்.

வாசலில் அரிசி மாவுக் கோலம் எறும்புக்குத் தீனி என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. இப்போது கடையில் விற்கும் கோலப்பொடி கல் மாவு. அதை எந்த எறும்பும் தொடாது, நேரே அடுப்படிக்குத்தான் வரும்!

இனி வெள்ளைப் பொடியின் கதை. அறிவியல் பாடத்தில் மின்சாரத்துக்காகப் படித்தீர்களே மைக்கேல் ஃபாரடே, அவர்தான் 1825-இல் பென்சீனையும் குளோரினையும் சேர்த்து பி.எச்.சி. என்ற பொருளை முதலில் செய்தவர். அது பூச்சியைக் கொல்லும் என்பது நூறாண்டுக்கும் மேல் கழித்து, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில்தான் தெரிந்தது. 'கமாக்சின்' என்று பெயர் வந்தது. 1952-இல் கல்கத்தாவுக்கு அருகே ரிஷ்ராவில் இதைத் தயாரிக்கும் ஆலை வந்தது. இந்தியாவின் பூச்சிக்கொல்லித் தொழிலே அங்கேதான் தொடங்கியது. அடுத்த ஆண்டு தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் வந்து, வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. அடித்தார்கள். மலேரியா குறைந்தது. அந்த நன்மையை மறைத்துப் பேசக்கூடாது. அணை கட்டிய காலத்தில் காய்ச்சலில் மடிந்த கூலியாட்களின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம்.

ஆனால் அந்த நம்பிக்கையே கேடாகவும் முடிந்தது. அரசாங்கமே வீட்டுக்குள் அடிக்கிறது, அப்புறம் என்ன பயம் என்று வெள்ளைப் பொடி எதுவானாலும் 'டி.டி.டி. பவுடர்' என்று பேர் வைத்து, எறும்புக்கு, பேனுக்கு, மூட்டைப்பூச்சிக்கு, தானியத்துக்கு என்று ஊரெல்லாம் தூவினார்கள். உப்பு, கோதுமை மாவு, பொடி மூன்றும் ஒரே அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த வீடுகள் எத்தனையோ.

1958-இல் பக்கத்துக் கேரளத்தில் பாரத்தியான் என்ற பூச்சிமருந்து கலந்துபோன கோதுமை மாவைத் தின்று நூறு பேருக்கு மேல் செத்தார்கள். அந்தக் கொடுமையை ஒட்டி அமைத்த விசாரணைக்குப் பிறகுதான் 1968-இல் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது. சட்டம் வந்தும், 1970-களில் உத்தரப்பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரி பக்கம் கிராமங்களில் கூட்டம் கூட்டமாக வலிப்பு வந்தது. காரணம் பேயும் இல்லை, சாபமும் இல்லை. வண்டு வராமலிருக்கக் கோதுமையில் கலந்து வைத்த பி.எச்.சி. பொடி! 1993-இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆய்வில், 12 மாநிலங்களில் எடுத்த 2205 பால் மாதிரிகளில் 82 சதவீதத்தில் டி.டி.டி. எச்சம் இருந்தது. 1997 ஏப்ரலில் பி.எச்.சி. தடை செய்யப்பட்டது. கிட்டத்தட்ட 45 ஆண்டு அது நம்மோடு குடும்பம் நடத்தியிருக்கிறது.

இப்போது கடையில் கிடைக்கும் பொடிகளில் இருப்பது பெரும்பாலும் வேறு மருந்துகள். எறும்புச் சாக்பீஸில் இருப்பது சைபர்மெத்ரின் போன்ற மருந்து. முப்பது வருடத்துக்கு மேல் சாக்பீஸோடு வாழ்ந்தவள் சொல்கிறேன்: பள்ளிக்கூடச் சாக்பீஸுக்கும் அதற்கும் குழந்தையின் கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. தவழும் பிள்ளை இருக்கும் வீட்டில் அதை வைத்திருப்பதே எனக்குச் சம்மதமில்லை.

இவ்வளவு ஆபத்தை விலைக்கு வாங்கியும் எறும்பு ஒழிகிறதா? இல்லை. வெளியே வரிசையில் வருவது இரை தேடும் வேலைக்காரக் கூட்டம் மட்டுமே. ராணி புற்றுக்குள் இருந்து முட்டையிட்டுக்கொண்டே இருக்கும். வரிசையைக் கொன்றால் நாலு நாளில் அடுத்த வரிசை வரும். எறும்பு மண்ணில் வாசனைக் கோடு போட்டு வழி சொல்கிறது என்பதை அமெரிக்காவின் எட்வர்ட் வில்சன் 1959-இல் நெருப்பெறும்பை வைத்துக் காட்டினார். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு பள்ளித் திண்ணையில் இதை நாம் செய்து பார்த்தது சிலருக்கு நினைவிருக்கும். வரிசையின் குறுக்கே ஈரத்துணியால் துடைத்தோம். இரண்டு பக்கமும் எறும்புகள் திகைத்து நின்றன. வசம்பு, மஞ்சள், கிராம்பு, வினிகர் எல்லாம் அந்தக் கோட்டைக் குழப்புகிற வேலையைத்தான் செய்கின்றன. தப்பில்லை. ஆனால் வாசனை போனதும் எறும்பு திரும்பிவிடும். வசம்பு வைத்தேன், எறும்பு ஒழிந்தது என்று வாட்ஸ்அப்பில் வருவதை அப்படியே நம்பாதீர்கள்.

புற்றுவரை போய் வேலை செய்வது வெங்காரம். தட்டாசாரி பொடி வைத்து ஊதப் பயன்படுத்துவாரே, அதேதான். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். ஒரு காலத்தில் திபெத்து ஏரிகளிலிருந்து ஆட்டின் முதுகில் ஏற்றி இமயத்தைத் தாண்டி வந்த சரக்கு. மெதுவாகக் கொல்வதுதான் அதன் சிறப்பு. எறும்பு உடனே சாகாமல், அதைச் சுமந்துகொண்டு போய் ராணிக்கும் குஞ்சுக்கும் ஊட்டும். 100 மில்லி தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி சர்க்கரையும் கால் தேக்கரண்டி வெங்காரமும் கரைத்துப் பஞ்சில் நனைத்து, ஓட்டை போட்ட டப்பாவில் மூடி வையுங்கள். கூடுதலாகப் போட்டால் எறும்பு வழியிலேயே செத்துவிடும், காரியம் கெடும். முதல் நாள் கூட்டம் கூடத்தான் செய்யும், அடிக்காமல் விடுங்கள். ஒரு வாரம், சில வீட்டில் இரண்டு மூன்று வாரமும் ஆகும். வெங்காரமும் வயிற்றுக்குள் போனால் விஷமே. ஆகவே குழந்தை இருக்கும் வீட்டில் டப்பா தரையில் இருக்கக்கூடாது, சுவருக்கு வெளிப்பக்கம் உயரத்தில் வையுங்கள்.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. 2022-இல் நம் பக்கத்து திண்டுக்கல் மாவட்டத்தில், நத்தம் அருகே கரந்தமலை அடிவார ஊர்களில் மஞ்சள் பைத்திய எறும்பு பெருகி, ஆடுமாட்டையும் ஆட்களையும் பாடாய்ப் படுத்தியதைப் படித்திருப்பீர்கள். இதே எறும்பு ஆஸ்திரேலியாவின் கிறிஸ்துமஸ் தீவில் செந்நண்டுகளைக் கோடிக்கணக்கில் அழித்தது. ஹெலிகாப்டரில் விஷ இரை தூவியும் திரும்பத் திரும்ப வந்தது. கடைசியில் எறும்புக்குத் தேன் போலச் சுரந்து கொடுக்கும் செதில் பூச்சியை அழிக்க, 2016 டிசம்பரில் ஒரு சின்னக் குளவியை மலேசியாவிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். எறும்பைத் தொடாமல் அதன் சர்க்கரையைக் குறைக்கும் வழி இது. உங்கள் வீட்டுச் செம்பருத்தியிலும் கொய்யாவிலும் வெள்ளையாக அப்பியிருக்கும் மாவுப்பூச்சி அதே வேலையைத்தான் செய்கிறது. சோப்புத் தண்ணீரால் கழுவி, சுவரைத் தொடும் கிளையை வெட்டிப் பாருங்கள்.

கூடலூர்ப் பிள்ளைக்குச் சொன்னது இவ்வளவுதான்: இரவில் அடுப்படியை ஈரத்துணியால் துடை, வரிசை புகும் ஓட்டையை வெள்ளைச் சிமெண்டால் அடை, பால் பாத்திரத்தைத் தண்ணீர்த் தட்டில் வை. தண்ணீரில் தூசி படிந்தால் எறும்பு அதன் மேலேயே நடந்து போகும், ஒரு சொட்டுச் சோப்பு விட்டால் மூழ்கும். இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்று, இல்லாவிட்டால் டெங்குக் கொசு வளரும்.

பழைய வீட்டுப் பரணில் 'டி.டி.டி.' டப்பா கிடந்தால் அடுப்பில் போடாதீர்கள், வாய்க்காலில் கொட்டாதீர்கள். மூடியை இறுக்கிப் பூட்டி வைத்துவிட்டு, வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேளுங்கள்.

அலமாரிக் காலுக்கு வைக்கும் அந்தக் கல் கிண்ணத்துக்கு உங்கள் வீட்டில் என்ன பெயர் சொன்னார்கள்? சின்னமனூர், உத்தமபாளையம், போடி பிள்ளைகள் கீழே எழுதுங்கள்.