டெல்டாவில் சீனியர் சிட்டிசன் குடியிருப்பு: வீடு வாங்கும் முன் என்ன பார்க்கணும்? குடியேறிய பிறகு என்ன செய்யணும்?

பிள்ளைகள் ஒருத்தர் பெங்களூரு, இன்னொருத்தர் அமெரிக்கா. அப்பா, அம்மா சென்னையில் இரண்டாவது மாடி ஃபிளாட்டில். லிஃப்ட் கிடையாது. முட்டிவலி வந்த பிறகு கீழே இறங்கி காய்கறி வாங்குவதே பெரிய வேலை. "நம்ம ஊர் பக்கமே போயிடலாமா?" என்ற பேச்சு ஆரம்பிக்கும். ஆனால் தஞ்சாவூர் பக்கத்து கிராமத்தில் இருந்த பூர்வீக வீட்டை எப்போதோ விற்றாகிவிட்டது.

இப்படிப்பட்ட குடும்பங்களைக் குறிவைத்துத்தான் கோவையில் தொடங்கி ஸ்ரீரங்கம், கும்பகோணம் வரை சீனியர் சிட்டிசன் குடியிருப்புகள் வந்திருக்கின்றன. விளம்பரத்தில் பச்சை வயல், கோயில் கோபுரம், சிரித்த முகத்தோடு தாத்தா பாட்டி எல்லாம் இருக்கும். ஒப்பந்தத்தில் என்ன இருக்கும்? போய்ச் சேர்ந்த பிறகு வாழ்க்கை எப்படி இருக்கும்? விரிவாகப் பார்க்கலாம்.

முதியோர் இல்லமும் இதுவும் ஒன்றா?

இல்லை. முதியோர் இல்லத்தில் தங்க இடமும் சாப்பாடும் கிடைக்கும்; சொத்து எதுவும் உங்கள் பெயரில் இருக்காது. பல இல்லங்கள் அரசு அல்லது அறக்கட்டளை உதவியோடு நடப்பவை. 2004 சுனாமிக்குப் பிறகு கடலூர் அருகே ஹெல்ப்ஏஜ் இந்தியா அமைத்த தாமரைக்குளம் முதியோர் கிராமம் இதில் தெரிந்த உதாரணம்.

சீனியர் சிட்டிசன் குடியிருப்பு என்பது பணம் கொடுத்து வாங்கும் அல்லது வாடகைக்கு எடுக்கும் தனி வீடு. பொது சமையலறை, வீட்டைச் சுத்தம் செய்ய ஆள், அவசர அழைப்பு மணி, நர்ஸ் வசதி போன்றவை மாதக் கட்டணத்தில் வரும்.

தேவை கூடிக்கொண்டேதான் போகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 10.4 சதவீதம், அதாவது சுமார் 75 லட்சம் பேர். 2031-ல் இது 18 சதவீதத்தைத் தாண்டும் என மத்திய அரசின் கணிப்பு சொல்கிறது. அப்போது ஏறக்குறைய ஐந்தரை பேரில் ஒருவர் மூத்த குடிமகன்.

ஏன் டெல்டா?

முதல் காரணம் கோயில். கும்பகோணத்தைச் சுற்றி நவக்கிரகத் தலங்கள், சுவாமிமலை, உப்பிலியப்பன் கோயில். அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் என்றாலே எல்லோருக்கும் ஞாபகம் வரும் திருக்கடையூரும் இதே வட்டாரம்தான். இரண்டாவது, மேடு பள்ளம் இல்லாத சமதரை, நடக்க எளிது. மூன்றாவது, சென்னையோடு ஒப்பிட்டால் குறைந்த செலவு. சோழன், உழவன் எக்ஸ்பிரஸ்களில் ஏறினால் நேராக சென்னை. வெளிநாட்டுப் பிள்ளைகள் வந்து இறங்க திருச்சி விமான நிலையம்.

எல்லாவற்றையும் விட, வேலைக்காக ஊரை விட்டுப் போனவர்களின் பூர்வீகம் இங்கே. "சாகிற காலத்துல காவிரித் தண்ணி குடிச்சிட்டுப் போறேன்" என்று சொல்கிற தலைமுறை அது. ஆனால் ஆசையை மட்டும் வைத்துக் கையெழுத்துப் போட முடியாது.

எந்த வகை ஒப்பந்தம்?

● சொந்தமாக வாங்குவது: வீடு உங்கள் பெயரில் பத்திரப்பதிவு ஆகும். பிள்ளைகளுக்குப் போகும், விற்கலாம். ஆனால் "55 வயதுக்கு மேற்பட்டவர்கள்தான் குடியிருக்கலாம்" போன்ற நிபந்தனை இருந்தால், விற்கும்போது வாங்குபவர் வட்டம் சுருங்கும்.

● டெபாசிட் அல்லது ஆயுட்கால குத்தகை: பெரிய தொகை கட்டி, இருக்கும் வரை வசிக்கும் உரிமை. பத்திரம் உங்கள் பெயரில் இருக்காது. வெளியேறினாலோ இறந்தாலோ எவ்வளவு பிடித்தம், மீதி எத்தனை நாளில், யார் கையில் என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

● மாத வாடகை: பெரிய முதலீடு வேண்டாம். பிடிக்கவில்லை என்றால் கிளம்பிவிடலாம். முதல் முறை போகிறவர்களுக்கு இதுதான் பாதுகாப்பு.

நிலத்தில் உள்ள சிக்கல்

டெல்டாவில் வீடு வாங்கும்போது மற்ற ஊர்களை விடக் கூடுதலாகப் பார்க்க வேண்டியவை மூன்று.

1. நஞ்சை நிலமா? நெல் விளைந்த நஞ்சையில் வீட்டுமனை போட முறையான அனுமதியும், நகர் ஊரமைப்புத் துறை (டிடிசிபி) ஒப்புதலும் வேண்டும். பஞ்சாயத்து ரசீதை மட்டும் காட்டினால் போதாது.

2. கோயில் நிலமா, மடத்து நிலமா? இந்தப் பக்கம் கோயில்களுக்கும் ஆதீனங்களுக்கும் ஏராளமான நிலம் உண்டு. அறநிலையத் துறை ஆணையரின் அனுமதி இல்லாமல் கோயில் நிலத்தை விற்க அறநிலையத் துறைச் சட்டத்தின் 34-வது பிரிவு இடம் தராது. வில்லங்கச் சான்று, பட்டா, மூலப்பத்திரம் மூன்றையும் விற்பவருக்குச் சம்பந்தமில்லாத வழக்கறிஞரிடம் கொடுத்துப் பாருங்கள். பட்டா விவரம், வில்லங்கச் சான்று இரண்டையும் அரசு இணையதளங்களில் வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

3. தண்ணீர் எங்கே வடியும்? வயல் நடுவே மண் கொட்டி உயர்த்திய மனை என்றால், பழைய வடிகால் வாய்க்கால் அடைபட்டிருக்கிறதா என்று பக்கத்து விவசாயியிடம் கேளுங்கள். புரோக்கர் சொல்லாததை அவர் சொல்லிவிடுவார்.

ரெரா பதிவு இருக்கா?

500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ, 8 வீடுகளுக்கு மேலோ கட்டி விற்கும் திட்டம் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகி இருக்க வேண்டும். பதிவு எண்ணை தமிழ்நாடு ரெரா தளத்தில் சரிபார்க்கலாம்.

● விற்பனை ஒப்பந்தம் பதிவு செய்யும் முன் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது.
● வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் கட்டியவர்தான் சரிசெய்து தர வேண்டும்.

2019-ல் மத்திய வீட்டுவசதி அமைச்சகம் ஓய்வுக்கால வீடுகளுக்கென்றே மாதிரி வழிகாட்டுதல் வெளியிட்டது. கட்டியவர், சேவை தரும் நிறுவனம், வீடு வாங்குபவர் ஆகிய மூவரும் சேர்ந்து ஒரே ஒப்பந்தம் போட வேண்டும் என்பது அதன் முக்கியமான யோசனை. காரணம் எளிது. கட்டியவர் ஒருத்தர், சாப்பாடு போடுபவர் இன்னொருத்தர் என்றால், நாளைக்குச் சமையல் நின்றுபோனால் "அது என் வேலை இல்லை" என்று இருவருமே சொல்ல முடியும். ஒப்பந்தத்தில் இந்தப் பொறுப்பு யாருடையது என்று முதலில் தேடுங்கள்.

மாதக் கட்டணம்: பத்து வருஷக் கணக்கு போடுங்க

வீட்டு விலையைப் பேரம் பேசும் பலர் மாதக் கட்டணத்தைக் கவனிப்பதில்லை. உதாரணத்துக்கு, தம்பதிக்கு மாதம் 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 7 சதவீதம் ஏறினால் பத்தாவது வருஷ முடிவில் அது சுமார் 59,000 ரூபாய்.

எதிர்ப்பக்கம் வருமானம்? மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் அதிகபட்சம் 30 லட்சம் போடலாம். 8.2 சதவீத வட்டியில் மாதத்துக்குச் சராசரியாக 20,500 ரூபாய் வரும். ஐந்து வருஷத்துக்கு அந்த வட்டி ஏறாது. ஆனால் கட்டணம் ஏறும்.

எனவே கேட்க வேண்டியது: ஆண்டுக்கு அதிகபட்சம் எத்தனை சதவீதம் உயர்த்தலாம்? யார் முடிவு செய்வார்கள்? ஊருக்குப் போய் இரண்டு மாதம் பிள்ளை வீட்டில் இருந்தால் சாப்பாட்டுக் காசு கழியுமா? ஒருவர் இறந்துவிட்டால் இன்னொருவருக்குக் கட்டணம் எவ்வளவு குறையும்?

எந்த மாசத்துல போய்ப் பார்க்கணும்?

மார்கழியில் போனால் எல்லா இடமும் அழகுதான். சம்பா பயிர் பச்சைப் பசேலென்று நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒருமுறை போங்கள். அப்போதுதான் ரோட்டில் தண்ணீர் நிற்கிறதா, கரன்ட் போனால் ஜெனரேட்டர் லிஃப்டுக்கும் ஓடுமா என்று தெரியும். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது டெல்டாவின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை என்பதை மறக்க வேண்டாம்.

சித்திரை வெயிலிலும் ஒருமுறை பாருங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் அறுவடை நேரத்தில் வந்து பார்ப்பது நல்லது. வயலை ஒட்டிய வீட்டில் அறுவடை மெஷின் கிளப்பும் தூசி நேராக உள்ளே வரும். கும்பகோணம் நகருக்குள் வாங்குபவர்கள் 2028 மகாமகத்தையும் மனதில் வையுங்கள்.

உடம்பு முடியாமப் போனா?

இதுதான் முக்கியமான கேள்வி. சேரும்போது நடமாட முடிகிறவர்களுக்கு மட்டும் இடம் தரும் குடியிருப்புகள் உண்டு. பக்கவாதமோ மறதி நோயோ வந்தால் அங்கேயே வைத்துப் பார்ப்பார்களா, வேறு இடம் பாருங்கள் என்பார்களா? பதில் எழுத்தில் வேண்டும்.

இரவு 2 மணிக்கு நெஞ்சுவலி வந்தால் எந்த மருத்துவமனை, எத்தனை நிமிடம்? தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எவ்வளவு தூரம் என்று வண்டியில் போய் நேரம் பாருங்கள். 70 வயதைக் கடந்தவர்களுக்கு வருமான வரம்பின்றி ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை தரும் ஆயுஷ்மான் வய வந்தனா திட்டத்தை மத்திய அரசு 2024 அக்டோபர் 29-ல் தொடங்கியது. பக்கத்து மருத்துவமனையில் அந்த அட்டை செல்லுமா என்று முன்பே கேளுங்கள்.

கேட்கத் தயங்கும் ஒரு கேள்வியும் உண்டு. இறப்பு நேர்ந்தால், பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வந்து சேரும் வரை உடலை வைக்க ஏற்பாடு உண்டா? சடங்குகளைக் குடியிருப்புக்குள் செய்யலாமா? இதை நிர்வாகத்திடம் கேட்பது அபசகுனம் இல்லை. கேட்காமல் விட்டால் அந்த நேரத்தில் தவிக்கப்போவது கூட இருப்பவர்தான்.

பழைய வீட்டைப் பிள்ளை பேருக்கு எழுதிட்டுப் போகலாமா?

அவசரப்பட வேண்டாம். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-ன் 23-வது பிரிவின்படி, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, பராமரிக்காவிட்டால் ரத்து செய்யக் கேட்கலாம். இந்தச் சட்டத்தை மூத்த குடிமக்களுக்குச் சாதகமாக, தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

இருந்தாலும் "என்னை இவர் பராமரிக்க வேண்டும்" என்ற வரி பத்திரத்திலேயே இருப்பது நல்லது. அதைவிட நல்லது, சொத்தைக் கையில் வைத்துக்கொண்டு உயில் எழுதுவது. உயிலை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.

குடியேறியதும் முடிக்க வேண்டிய பேப்பர் வேலை

● ஆதாரில் முகவரி மாற்றம். மற்ற பல மாற்றங்களுக்கு இதுதான் அடிப்படை.
● வாக்காளர் பட்டியலில் முகவரி மாற்ற படிவம் 8.
● ரேஷன் கார்டு, கேஸ் இணைப்பு, வங்கிக் கணக்கு முகவரி.
● மத்திய அரசு ஓய்வூதியர்கள் ஒவ்வொரு நவம்பரிலும் வாழ்நாள் சான்று தர வேண்டும். 80 வயதைக் கடந்தவர்கள் அக்டோபர் 1 முதலே தரலாம். மொபைலில் முகத்தைக் காட்டியே முடிக்கலாம்.
● மருந்து பெயர்கள், ரத்த வகை, பிள்ளைகளின் போன் நம்பர் எழுதிய ஒரு பேப்பர். ஒன்று அலுவலகத்தில், ஒன்று ஃபிரிட்ஜ் கதவில்.

முதல் மூன்று மாதம்

சாமான் இறக்கிய அன்றே சந்தோஷம் வந்துவிடாது. புது இடத்தில் தூக்கம் பிடிக்காது, சாப்பாட்டில் உப்பு கம்மியாக இருக்கும், பேசுவதற்கு ஆள் இருக்காது. இது எல்லோருக்கும் நடப்பதுதான்.

கவனித்தால் கணவனுக்கும் மனைவிக்கும் இது ஒரே மாதிரி இருக்காது. நாற்பது வருஷம் சமைத்த அம்மாவுக்கு அடுப்படியிலிருந்து விடுதலை. ஆனால் அந்த வீட்டில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு இல்லாத இடமும் அடுப்படிதான். பால் வாங்குவது, பேங்க் போவது என்று நாளை ஓட்டிய அப்பாவுக்கு திடீரென்று வேலையே இல்லை. காலை காபியை மட்டுமாவது சொந்த அடுப்பில் போடுவது, ஒரு வெளிவேலையையாவது தானே பார்ப்பது இரண்டு பேருக்கும் உதவும்.

சின்னச் சின்ன ஏற்பாடுகள்:

● பழைய கட்டில், சாய்வு நாற்காலி, சாமி படம் கூடவே வரட்டும். எல்லாவற்றையும் புதிதாக வாங்க வேண்டாம்.
● முதல் வாரமே பாத்ரூமில் கைப்பிடி, வழுக்காத மிதியடி, படுக்கையிலிருந்து பாத்ரூம் வரை இரவு விளக்கு.
● தினமும் ஒருவேளையாவது பொது உணவுக்கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். பழக்கம் அங்கேதான் ஆரம்பிக்கும்.
● பல இடங்களில் சைவம் மட்டும்தான். வீட்டுக்குள் முட்டை, மீன் சமைக்கலாமா, பேரப்பிள்ளைகள் எத்தனை நாள் தங்கலாம் என்று முன்பே கேளுங்கள்.
● முடிந்தால் ஆறு மாதம் வரை பழைய வீட்டை விற்க வேண்டாம். திரும்பிப் போக ஓர் இடம் இருக்கிறது என்ற நினைப்பே பாதி பயத்தைப் போக்கும்.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. கொண்டுபோய் விட்ட முதல் தீபாவளிக்கும் முதல் பொங்கலுக்கும் எப்படியாவது நேரில் வாருங்கள். வீடியோ காலை விட அது பெரிசு.

பிரச்சினைன்னா யாரிடம் போகலாம்?

கட்டுமானம், ஒப்படைப்பு தொடர்பான புகாருக்கு ரெரா. சேவைக் குறைபாட்டுக்கு நுகர்வோர் ஆணையம். பிள்ளைகள் கவனிக்கவில்லை என்றால் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். எதற்கு எங்கே போவது என்றே தெரியாவிட்டால் மூத்த குடிமக்கள் உதவி எண் 14567. காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை இலவசம்.

கடைசியாக, பணம் கட்டும் முன் ஒரு மாதம் வாடகைக்கோ விருந்தினராகவோ தங்கிப் பாருங்கள். அலுவலகத்தில் கொடுக்கும் கையேட்டை விட, சாயங்காலம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் நான்கு பேரிடம் "இங்க எப்படிங்க இருக்கு?" என்று கேட்டால் கிடைக்கும் பதில் நம்பகமானது.