தென்னமரம் தோட்டத்து எண்ணெய்

எங்கள் குடும்பத்தில் யாரும் குண்டு கிடையாது. கை கால் குச்சி, வயிறு மட்டும் முன்னால் நிற்கும். போன வருஷம் வேலையிடத்து மெடிக்கல் செக்கப்பில், "எடை சரியாத்தான் இருக்கு, ஆனா கல்லீரல்ல கொழுப்பு" என்றார் டாக்டர். அன்று வீட்டுக்கு வந்ததும் எண்ணெய்ப் பாக்கெட்டைத்தான் முதலில் எடுத்துப் பார்த்தேன்.

பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கத்து ஆட்களுக்குத் தென்னமரம் தோட்டத்தைத் தெரியும். பெயரில் தென்னை, பேர் வாங்கிக் கொடுத்தது செம்பனை. ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1917இல் அங்கே நட்டதுதான் மலாயாவின் முதல் வணிகச் செம்பனை. அதற்குமுன் சுமத்ராவிலிருந்து வந்த விதைகள் அவருடைய ரந்தாவ் பாஞ்சாங் தோட்டத்தில் அழகுக்காக முளைத்து நின்றன. அவர் மலாயாவைப் பற்றி நாவல் எழுதி 1930இல் கோங்கூர் பரிசு வாங்கினார். இலக்கியக்காரர்களுக்கு அந்த நாவல் பெரிசு. எனக்கு அந்த விதைதான்.

அன்றைய எண்ணெய் கப்பலேறி சோப்பாகவும் மார்ஜரினாகவும் ஆனது. நம் சட்டிக்கு வந்தது பிற்பாடு. தாத்தா குலை வெட்டியவர். 20 கிலோ குலையைக் குத்தித் தூக்கிய அந்த உடம்பில் எந்தக் கொழுப்புக்கும் தங்க நேரமில்லை. இன்று நான் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், கிலோ 2.50 ரிங்கிட் மானியப் பாக்கெட் அடுப்படியில் இருக்கிறது.

ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகம் 2014இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஒல்லியான 39 இளைஞர்களுக்கு 7 வாரம், வழக்கமான சாப்பாட்டுக்கு மேலே மஃபின் கொடுத்தார்கள். பாதிப் பேருக்குச் செம்பனை எண்ணெயில் செய்தது, மீதிப் பேருக்குச் சூரியகாந்தி எண்ணெயில். இரு தரப்புக்கும் கூடிய எடை ஏறக்குறைய ஒன்றுதான், 1.6 கிலோ. ஆனால் போய்த் தங்கிய இடம் வேறு. செம்பனைக்காரர்களுக்குக் கல்லீரலிலும் வயிற்றின் உள்ளேயும் கொழுப்பு அதிகம் சேர்ந்தது. சூரியகாந்திக்காரர்களுக்குத் தசை கூடுதலாக ஏறியது. தராசுக்கு இதெல்லாம் தெரியாது. செம்பனை எண்ணெயில் கிட்டத்தட்ட பாதி நிறைவுற்ற கொழுப்பு. நம் பாக்கெட்டில் உள்ள பாமோலினில் அது கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான்.

இதில் நம் உடம்பின் பங்கும் உண்டு. பூனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யட்கினும் தங்களையே அளந்து 2004இல் லான்செட்டில் போட்டார்கள். இருவருக்கும் உடல் நிறை எண் 22.3. கொழுப்போ யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. பார்க்க ஒல்லி, உள்ளே வேற கணக்கு.

இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. 1980களில் அமெரிக்க சோயா தரப்பு செம்பனையைத் திட்டியது வியாபாரத்துக்காக. நம்மை வளர்த்த மரத்தை நாமும் திட்டுவதா? உப்சாலாவில் கொடுத்ததும் தேவைக்கு மேற்பட்ட தீனி. அளவாகச் சாப்பிட்டால் இதே கதை நடக்கும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. ரொட்டி சானாயும் தே தாரேக்கும் பழியில் பங்கு கேட்கும்.

அம்மாவிடம் சொன்னேன். "உங்க தாத்தா இதே எண்ணெயிலதான்டா தின்னாரு" என்றார். தாத்தா வெட்டிய குலைகளை யார் எண்ணுவது என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. அப்பளம் பொரித்த எண்ணெயை அடுத்த நாளைக்கென்று வடிகட்டிக்கொண்டிருந்தார்.