1550 மீட்டரிலா, 1850 மீட்டரிலா? ஆல்ப்ஸில் தங்குமிடம் தேர்ந்த வரலாறு

பிரெஞ்சு ஆல்ப்ஸுக்குப் பனிச்சறுக்கு விளையாடச் செல்பவர், விடுதியைத் தேடுமுன் ஓர் எண்ணைத் தேர்ந்தாக வேண்டும். கூர்ஷவெல் 1850, ஆர்க் 1600, ஆர்க் 2000, தீன் 2100 எனத் தாரந்தேஸ் பள்ளத்தாக்கின் குடியிருப்புகள் எண்களோடு வழங்குகின்றன. அந்த எண் கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரம் என்பதைக் குறிக்கும். உயரம் கூடினால் பனி உறுதி. பெரும்பாலும் வாடகையும் அதற்கேற்ப ஏறும்.

போருக்கு முன்னர் இத்தகைய தேர்வுக்கு இடமில்லை. பயணிகள் ஏற்கெனவே இருந்த ஊரில் தங்கினர். 1920களில் நோயமி த ரோத்ஷீல்டு சீமாட்டி, சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸுக்கு நிகரான ஒன்றைப் பிரான்சில் உருவாக்க விரும்பி மெஜேவைத் தேர்ந்தார். அது சுமார் 1100 மீட்டரில் அமைந்த உழவர் ஊர். கட்டடக் கலைஞர் ஆன்றி ஜாக் லெ மெம் அவ்வூர்ப் பண்ணைவீட்டின் சாயலிலேயே செல்வர்களுக்கான பனிச்சறுக்கு இல்லங்களை வரைந்தார்.

ஊரை விட்டுப் பனியை நோக்கி ஏறும் எண்ணம், ஒரு சிறைமுகாமில் உரம் பெற்றது. இரண்டாம் உலகப் போரில் பிடிபட்டு ஆஸ்திரியாவில் அடைக்கப்பட்டிருந்த கட்டடக் கலைஞர் லோரான் ஷாப்பி, மூன்று பள்ளத்தாக்குகளை இணைக்கும் பனிச்சறுக்கு நிலத்தை அங்கேயே ஆராய்ந்து எழுதினார். 1946இல் சவோய் மாவட்ட மன்றம் பொதுப்பணத்தில் கூர்ஷவெலைத் தொடங்கியபோது, வடிவமைக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. பழைய ஊர்களுக்கு மேலே, கோடையில் மாடு மேய்ந்த சரிவில், சறுக்குத் தடங்கள் வந்து கூடும் இடத்தைச் சுற்றிப் புதிய ஊர் எழுந்தது. எளிய மக்களும் மலைக்கு வரவேண்டும் என்பதே தொடக்க நோக்கங்களுள் ஒன்று. இன்று அதே கூர்ஷவெல் 1850, பிரான்சின் மிக விலையுயர்ந்த தங்குமிடங்களுள் ஒன்று. அந்த எண்ணும் துல்லியமானதன்று. ஊரின் நடுப்பகுதி 1750 மீட்டரை ஒட்டியே உள்ளது. போட்டி ஊரான வால் திசேர் 1850 மீட்டரில் இருந்ததால் இப்படிப் பெயரிட்டார்கள் என்று சொல்வதுண்டு. 2011இல் 1300, 1550, 1650 ஆகிய எண்களைக் கைவிட்டு லெ பிராஸ், கூர்ஷவெல் வில்லாஜ், மொரியோன் என்னும் பெயர்களை முன்னிறுத்தினர். கீழே தங்குபவர் தம்மைத் தாழ்ந்தவராக எண்ணிவிடக் கூடாதல்லவா!

1964இல் அரசு 'பனித் திட்டம்' என்பதைக் கையிலெடுத்தது. 1,50,000 படுக்கைகள் இலக்கு. ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரே கட்டுமான நிறுவனம். அக்காலத்துக் கட்டடங்களைக் கான்கிரீட் அடுக்குகள் என்று ஒதுக்குவோர் உண்டு. ஆயினும் லேசார்க்கில் ஷார்லோத் பெரியான் செய்தவற்றை அவ்வாறு தள்ளிவிட முடியாது. லெ கொர்புசியேயுடன் பணியாற்றிய அவர், 1968இல் திறக்கப்பட்ட ஆர்க் 1600இல் கட்டடங்களை மலைச்சரிவோடு படிப்படியாகச் சாய்த்தார். ஒரு மாடம் மற்றொன்றின் வெயிலை மறைக்கவில்லை. சமையலறை கூடத்தை நோக்கித் திறந்திருந்ததால் சமைப்பவர் தனித்து நிற்கவில்லை. பின்னர் ஆர்க் 1800இல் குளியலறைகளை ஆலையிலேயே வார்த்து மலைக்கு ஏற்றினர். வீடு சிறியது, ஆனால் ஒரே பனியும் ஒரே கதிரவனும் எல்லாருக்கும். நல்ல நோக்கமுள்ள கட்டடக்கலை எத்தகையது என்பதற்கு ஆர்க் 1600 போதுமான சான்று. வியப்பு என்னவெனில், 2003இல் ஒரு கனடிய நிறுவனம் சற்று மேலே கட்டிய ஆர்க் 1950, பழைய மலையூர் போலத் தோன்றுமாறு புனையப்பட்டது. மக்கள் விட்டுவந்த ஊரின் சாயலுக்கே மறுபடியும் விலை கிடைத்தது.

தீன் கதையில் ஊரை விட்டதும் ஊர்க்காரர் விருப்பப்படி நிகழவில்லை. நீர்மின் திட்டத்துக்காகக் கட்டப்பட்ட 180 மீட்டர் அணை 1952இல் பழைய தீனை மூழ்கடித்தது. மக்கள் எதிர்த்தனர், காவற்படை வந்து வெளியேற்றியது. கல்லறைகளிலிருந்து முன்னோரின் எச்சங்களை எடுத்து இடம் மாற்றினர். மேலே இயற்கை ஏரியைச் சுற்றி 2100 மீட்டரில் எழுந்த தீன்தான் இன்று பயணிகள் அறிந்த தீன். பழைய தேவாலயத்தின் மறுபடிவம் 1800 மீட்டரில், லே புவாஸில் நிற்கிறது.

பனித் திட்டத்தின் காலம் 1977இல் குடியரசுத் தலைவர் ஜிஸ்கார் தெஸ்தேன் வலூயீஸில் ஆற்றிய உரையோடு முடிந்தது. 1985இன் மலைச் சட்டம் கட்டுமானத்துக்கு வரம்பிட்டது. ஆனால் விற்ற அடுக்ககங்கள் அங்கேயே உள்ளன. ஆண்டில் நான்கு வாரம்கூட ஆளில்லாமல் கிடப்பவற்றைப் பிரெஞ்சில் 'குளிர்ந்த படுக்கைகள்' என்கிறார்கள். மேலே சாளரங்கள் இருண்டிருக்க, பருவகாலத் தொழிலாளர் பலர் வாடகை தாளாமல் பள்ளத்தாக்கில் தங்கி ஏறிவருகின்றனர்.

வெப்பம் கூடிவரும் இந்நாளில் தாழ்ந்த ஊர்களில் பனி முன்போல் நிலைப்பதில்லை. ஆகவே சறுக்குவதற்கென்றே போகிறவர் உயரத்தை நாடுவதில் குறை காண இயலாது. பள்ளிக்கூடமும் ரொட்டிக்கடையும் ஆண்டு முழுதும் திறந்திருக்கும் ஊரில் உறங்க விரும்புபவருக்குப் பூர் சேன் மொரீஸ் இருக்கிறது. சுமார் 800 மீட்டரிலுள்ள அந்த இரயில் நிலையத்திலிருந்து, 1989 முதல் ஓடும் மலைத்தடத் தொடர்வண்டி ஏழே நிமிடங்களில் ஆர்க் 1600 சேர்க்கும். தீனிலும் பழைய குடியிருப்பு ஒன்று எஞ்சியுள்ளது. 1550 மீட்டரில், அணைக்குக் கீழே இருந்ததால் நீரில் மூழ்காமல் தப்பிய லே பிரேவியேர். அங்கே தங்குபவர் காலையில் கம்பிவட ஊர்தி ஏறப் புறப்படும்போது அந்த 180 மீட்டர்ச் சுவர் எதிரே நிற்கும்.