தாய்வீட்டு உறைமோர்

இலைவெட்டி எறும்பு தூக்கிப்போகும் இலை அதன் சாப்பாடு இல்லை. மத்திய, தென் அமெரிக்கக் காடுகளில் பச்சைத் துண்டுகளைக் குடைபோலப் பிடித்துக்கொண்டு சாரைசாரையாகப் போகும் இவற்றைப் பார்த்து, புற்றுக்குக் கூரை வேயத்தான் கொண்டுபோகின்றன என்று அறிஞர்களே நம்பியதுண்டு. நிகரகுவாவின் தங்கச் சுரங்கத்தில் பொறியாளராக இருந்த தாமஸ் பெல்ட் புற்றைத் தோண்டிப் பார்த்தார். அறை அறையாகப் பழுப்பு நிறத்தில் பஞ்சு போன்ற ஒன்று. நைந்த இலையும் அதில் படர்ந்த பூஞ்சையும். இலை வெறும் உரம், விளைச்சல் பூஞ்சைதான் என்று 1874இல் வந்த தன் புத்தகத்தில் எழுதினார்.

இந்த வேளாண்மை ஒரு பேரழிவை ஒட்டிப் பிறந்தது. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் இன்றைய மெக்சிகோவின் ஓரத்தில் விண்கல் விழுந்தது. கிளம்பிய தூசு வெயிலை மறைக்க, செடிகொடிகள் மடிந்தன. மட்கியதில் வாழும் பூஞ்சைக்கு மட்டும் குறைவில்லை. எறும்பு அதை வளர்க்கத் தொடங்கியது அப்போதுதான் என்று, இரண்டின் மரபணுக்களையும் ஆராய்ந்தவர்கள் 2024இல் கணக்கிட்டார்கள். அன்று சருகும் பூச்சி எச்சமும்தான் உரம். பச்சை இலையை வெட்டக் கற்றது வெகுகாலம் கழித்து.

என்னைக் கட்டிப்போடுவது, அந்தத் தோட்டம் இன்றும் ஒவ்வொரு புற்றிலும் புதிதாகப் பிறக்கும் விதம். இணைசேரப் பறக்கும் இளம் ராணி, தாய்வீட்டுப் பூஞ்சையில் ஒரு துணுக்கை வாய்க்குள் இருக்கும் சிறு பையில் அடக்கிக்கொள்கிறாள். உறைமோர் கொண்டுபோவது போலத்தான். இணைசேர்ந்ததும் இறக்கையை உதிர்த்து, மண்ணைக் குடைந்து, வாசலை அடைத்துக்கொண்டு துணுக்கை உமிழ்கிறாள். அதற்குப் போட இலை ஏது? பூஞ்சையில் ஒரு சிட்டிகை பிய்த்து, வயிற்றின் நுனியில் வைத்து, தன் கழிவில் ஒரு சொட்டு விட்டு, திரும்பப் பழைய இடத்திலேயே பதிக்கிறாள். மணிக்கணக்கில், நாள்கணக்கில் இதே வேலை.

பசித்தாலும் பூஞ்சையில் வாய்வைப்பதில்லை. தான் இடும் முட்டைகளில் பெரும்பாலானவற்றைத் தானே தின்கிறாள். பறக்க உதவிய தசைகள் கரைந்து உடம்புக்கு உணவாகின்றன. பூஞ்சை பட்டுப்போனால் புற்றே இல்லை.

ஏறக்குறைய ஆறு வாரத்தில் முதல் வேலைக்கார எறும்புகள் வெளிவருகின்றன. பூஞ்சையைத் தின்று தெம்பேறி, இன்னும் சில நாளில் அடைத்த வாசலைத் திறக்கின்றன. முதல் பச்சை இலைத்துண்டு உள்ளே வருகிறது.