ஒலியும் பொருளும்

எச். பி. லவ்க்ராஃப்ட் (1890–1937) பள்ளிப் படிப்பையே முடிக்காதவர். ஆனால் அவர் கதைகளில் பேராசிரியர்களுக்குக் குறைவில்லை. பிரபஞ்ச பயங்கரத்தைக் கண்டுபிடிப்பவர்கள் இவர்களே என்று வெகுநாள் நினைத்திருந்தேன். மறுபடி படித்தபோது, இவர்கள் கடைசியில் வந்து சேருபவர்கள் என்று பட்டது.

1926ல் எழுதி 1928ல் வெளியான ‘தி கால் ஆஃப் க்துல்ஹு’வில் ஒரு தொல்லியலாளர் கூட்டம். லூசியானா சதுப்புக் காட்டில் கைப்பற்றிய சிலையோடு ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர் வருகிறார். பேராசிரியர் வெப் 48 வருஷங்களுக்கு முன் கிரீன்லாந்தில், ஒரு கிழப் பூசாரியிடம் கேட்டு உச்சரிப்புப் பிசகாமல் எழுதிவைத்த மந்திரமும், லூசியானாக் கைதிகள் ஓதியதும் ஒன்றாகவே இருக்கின்றன. அர்த்தம் மட்டும் பேராசிரியருக்குத் தெரியாது. பெரியவர்கள் சொல்லக் கேட்ட கைதிகள் சிலர்தாம் அதைச் சொல்கிறார்கள். அறிஞரிடம் இருந்தது ஒலி. பொருள் இருந்தது காவலில் கிடந்தவர்களிடம்.

‘தி விஸ்பரர் இன் டார்க்னஸ்’ (1931) கதைக்கு ஆதாரம் 1927 நவம்பரில் வெர்மான்ட்டில் நிஜமாகவே வந்த வெள்ளம். வெள்ளத்தில் விநோத உடல்கள் மிதந்ததாக ஜனங்கள் பேசிக்கொள்கிறார்கள். கிரேக்கத்திலும் நேபாளத்திலும் இப்படிக் கதைகள் உண்டு, ஆகவே இது கற்பனை என்கிறார் இலக்கிய ஆசிரியர் வில்மார்த். அத்தனை இடங்களில் இருப்பதால்தான் உண்மை என்கிறார்கள் எதிராளிகள். சான்று ஒன்று, முடிவு இரண்டு. கதை ஜனங்கள் பக்கம் தீர்ப்பளிக்கிறது.

ஆனால் இதை வாய்மொழி மரபின் வெற்றி என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கைதிகளை லவ்க்ராஃப்ட் வர்ணிப்பது அப்பட்டமான இனவெறுப்போடு. அவர்கள் சொல்லை நம்புகிறார்; அவர்களை மதிக்கவில்லை. தவிர, கிரீன்லாந்துக் கிழவர் வாயில் வைத்த மந்திரமும் அவரே சிருஷ்டித்தது.

அந்தக் கதைக்குச் சில வருஷங்கள் முன்னர்தான், 1921–24ல், கிரீன்லாந்தில் பிறந்து அந்த மொழியைக் குழந்தையிலிருந்தே பேசிய க்னுட் ராஸ்முஸ்ஸென் கனடாவின் ஆர்க்டிக் பகுதியில் இனுயிட் மக்களிடம் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். சொன்னவர்களின் பெயரையும் எழுதினார். ஆவுவா என்ற மந்திரவாதியிடம் ஒவ்வொன்றுக்கும் ‘ஏன்?’ என்று துளைத்தார். ஆவுவா அவரை வெளியே கூட்டிப்போய்ப் பனிப்புயலைக் காட்டி, இது ஏன் என்று திருப்பிக் கேட்டார். ராஸ்முஸ்ஸெனிடம் பதில் இல்லை. அதையும் எழுதிவைத்தார்.

பிரபஞ்ச பயங்கரம் என்று நான் தேடியது இந்த இடத்தில் இருக்கிறது. இங்கே சொல்பவருக்குப் பெயர் இருக்கிறது. கேள்வியும் அவருடையது.