பட்டன் போனில் இணையம்

1999-இல் நோக்கியா 7110, வாப் எனும் கைபேசிக்கான எளிய பக்கங்களைக் காட்டும் உலாவியுடன் வந்தபோது, இணையத்தைத் தொட ஓர் எண்ணை அழைத்தே இணைப்புப் பெற வேண்டியிருந்தது. இணைந்திருந்த நிமிடங்களுக்கெல்லாம் கட்டணம் ஓடியது. அடுத்து வந்த ஜிபிஆர்எஸ் தொழில்நுட்பம் தகவலைச் சிறு பொட்டலங்களாக அனுப்பியதால், நேரத்தை விட்டு அளவுக்குக் கட்டணம் வாங்க முடிந்தது.

ஆனால் போன் தானாக இணையவில்லை. தொலைபேசி நிறுவனத்தின் வலையமைப்பு எந்த வாசல் வழியே இணையத்துக்குச் செல்கிறது என்பதைச் சொல்லும் ஏபிஎன் என்ற பெயரைப் பதிய வேண்டியிருந்தது. ஏர்டெல்லுக்கு ‘ஏர்டெல்ஜிபிஆர்எஸ்.காம்’, பிஎஸ்என்எல்லுக்கு ‘பிஎஸ்என்எல்நெட்’. சில இணைப்புகளுக்குப் பிராக்ஸி முகவரியும் போர்ட் எண்ணும் தேவைப்பட்டன. படச் செய்தியான எம்எம்எஸ்ஸுக்குத் தனி அமைப்பு. எண் பலகையில் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டும்போது ஒன்று பிசகினாலும் பக்கம் திறக்கவில்லை.

இந்தச் சிரமத்தைப் போக்கியது, அமைப்புகளைக் குறுஞ்செய்தியாகவே அனுப்பும் முறை. வாடிக்கையாளர் அதைச் சேமித்தால் போதுமானதாக இருந்தது. சாமானியருக்கு இணையத்தைத் திறந்ததில் இதன் பங்கு பெரிது. அது போதிய அளவு பேசப்படவில்லை. நிறுவனத்தின் பட்டியலில் இல்லாத மலிவு போன்களுக்கோ கையால் பதிவதே வழியாக இருந்தது.

பின்னர் 2017-இல் வந்த ஜியோபோனில் அந்த வேலையும் இல்லை: அது ஜியோ என்ற ஒரே நிறுவனத்தின் சிம்முக்கென அமைப்புகள் பதிந்தே விற்கப்பட்டது.